யதார்த்தவாதி என்றால் யார்? முதலில் ‘எதைப் பற்றி?’ என்று கேளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். மாமா ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அத்தை முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சென்னைக்குப் போய்த் தத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொன்னேன். மாமா டம்ளரைக் கீழே வைத்தார். “இங்க பாரும்மா, கொஞ்சம் யதார்த்தமா யோசி. அதைப் படிச்சிட்டு எங்க வேலைக்குப் போவ? நம்ம ஊரு காலேஜ்ல அந்த டிபார்ட்மென்ட்டே கிடையாது. உனக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது.” நான் பதில் பேசவில்லை. அவர் எழுந்து வாசலுக்குப் போனதும் அத்தை முறத்தோடு என் பக்கம் நகர்ந்து வந்து, “மாமா யதார்த்தமாத்தான்டி சொன்னாரு, மனசுல வச்சுக்காத” என்றாள்.

பத்து நிமிஷத்துக்குள் ஒரே சொல் இரண்டு பொருளில் வந்துவிட்டது. மாமாவின் யதார்த்தம், ‘ஆசையை ஓரமாக வைத்துவிட்டு நிலவரத்தைப் பார்’ என்பது. அத்தையின் யதார்த்தம், ‘உள்நோக்கம் எதுவும் இல்லாமல், வெள்ளந்தியாக’ என்பது. பிறகு சென்னையில் தத்துவ வகுப்பில் உட்கார்ந்தபோது இதே சொல் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பொருளோடு வந்து நின்றது. முதல் பருவத்தில் எனக்குத் தலை சுற்றியது. ‘ரியலிஸ்ட்’ என்று ஒருவரைப் பற்றிப் படித்தால், அவர் கனவு காணாதவரா, கடவுளை நம்பாதவரா, ஏழைகளைப் பற்றிக் கதை எழுதுபவரா, போரை ஆதரிப்பவரா என்று பிடிபடாது. அப்படித் தடுமாறுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் உள்ளே இருப்பது எளிமையானது. வடமொழியில் ‘யதா’ என்றால் எப்படியோ அப்படி. ‘அர்த்தம்’ என்றால் பொருள். பொருள் எப்படி இருக்கிறதோ அப்படி. நம் பேச்சில் ‘உள்ளது உள்ளபடி’. அத்தையின் பொருளும் இங்கிருந்து பிறந்ததுதான்: மனசில் உள்ளது உள்ளபடி வெளியே வந்துவிட்டது, இடையில் ஜோடனை இல்லை. ஆங்கில ‘ரியல்’ என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் ‘ரெஸ்’ என்பதற்கும் பொருள் என்றுதான் பொருள். இரண்டு மொழியிலும் அடியில் கிடப்பது ஒரே கரு.

அதனால் ஒரு வரையறையை வைத்துக்கொண்டு தொடங்கலாம். ‘நான் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இது இருக்கிறது’ என்று சொல்பவர் யதார்த்தவாதி. எல்லாக் குழப்பமும் அந்த ‘இது’ என்ற சொல்லில் இருக்கிறது. மேசையா, அணுவா, எண்ணா, அறமா, சாதியா, நாடுகளின் அதிகாரமா? எதை அந்த இடத்தில் வைக்கிறோமோ அதைப் பொறுத்து ஒருவரே ஒரு விஷயத்தில் யதார்த்தவாதியாகவும் இன்னொன்றில் அதற்கு நேர் எதிராகவும் இருக்கலாம். அதை நான் புரிந்துகொண்டது ஒரு உரையாடலைப் படித்தபோது.

யாரும் இல்லாத வீட்டில் மேசை

1930 ஜூலை 14 அன்று, பெர்லினுக்குப் பக்கத்தில் காபுத் என்ற ஊரில் இருந்த ஐன்ஸ்டைனின் கோடை வீட்டுக்குத் தாகூர் போனார். இருவரும் பேசியது அச்சில் வந்திருக்கிறது. உலகம் என்பது மனிதரின் உலகம்தான், மனிதரை விட்டுத் தனியாக உண்மை என்று ஒன்று கிடையாது என்பது தாகூரின் கட்சி. ஐன்ஸ்டைன் அவரிடம் அழகைப் பற்றிக் கேட்டார். மனிதர்களே இல்லாமல் போனால் கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் அந்தப் புகழ்பெற்ற சிலை அழகாக இருக்காதா? இருக்காது என்றார் தாகூர். அழகைப் பொறுத்தவரை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் உண்மையைப் பொறுத்தவரை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார் ஐன்ஸ்டைன்.

இந்த இடத்தை நிதானமாகப் பாருங்கள். அழகு விஷயத்தில் ஐன்ஸ்டைன் யதார்த்தவாதி கிடையாது. அது பார்ப்பவரைச் சார்ந்தது என்று தாராளமாக விட்டுக்கொடுக்கிறார். உண்மை விஷயத்தில் மட்டும் பிடிவாதம். இந்த வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் அந்த மேசை இருந்த இடத்தில்தானே இருக்கும் என்று கேட்கிறார். தாகூர் மசியவில்லை. தனி ஒருவரின் மனதுக்கு வெளியே அது இருக்கும், ஆனால் எல்லாருக்கும் பொதுவான மனதுக்கு வெளியே இருக்காது என்கிறார். அதோடு ஒரு உவமை சொல்கிறார், எனக்கு மிகவும் பிடித்தது: காகிதத்தைத் தின்னும் பூச்சிக்கு இலக்கியம் என்று ஒன்று கிடையவே கிடையாது. மனிதருக்கோ காகிதத்தைவிட இலக்கியமே பெரிய உண்மை.

அதே பேச்சில் ஐன்ஸ்டைன் சொன்ன இன்னொன்று என்னைத் தொட்டது. தன் கருத்து சரி என்று நிரூபிக்கத் தன்னால் முடியாது, ஆனால் அதுதான் தன் மதம் என்றார். அவ்வளவு பெரிய விஞ்ஞானி, யதார்த்தவாதத்துக்கு ஆதாரம் கையில் இல்லை, அதைப் பற்றிக்கொண்டு நிற்கிறேன் என்கிறார். யதார்த்தவாதி என்றால் நம்பிக்கையே இல்லாத வறண்ட ஆள் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அந்தப் பேச்சில் பிதாகரஸ் தேற்றமும் வருகிறது. அது சொல்லும் விஷயம் மனிதர் இருக்கிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்ததல்ல என்று ஐன்ஸ்டைன் நினைத்தார். கணிதத்தில் இந்தக் கட்சியைப் பச்சையாகச் சொன்னவர் ஹார்டி, நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவர். கணித உண்மைகள் நமக்கு வெளியே இருக்கின்றன, நாம் அவற்றைக் கண்டுபிடிக்கிறோம், உண்டாக்குவதில்லை என்று 1940-ல் எழுதினார். 1729 கதை எல்லாருக்கும் தெரியும்: இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் என்று ராமானுஜன் சொன்னது. 1-ன் கனமும் 12-ன் கனமும் கூட்டினாலும் 1729, 9-ன் கனமும் 10-ன் கனமும் கூட்டினாலும் 1729. அதிகம் பேருக்குத் தெரியாதது, பிரெஞ்சுக்காரரான ஃப்ரெனிக்கிள் இதே எண்ணின் இதே குணத்தை 1657-லேயே கண்டிருந்தார் என்பது. வேறு வேறு நாடு, நடுவில் இரண்டரை நூற்றாண்டு. யார் போய்ப் பார்த்தாலும் அதே இடத்தில் அதே பாறை கிடப்பதுபோல அந்த எண் கிடக்கிறது. கணித யதார்த்தவாதியின் முழு வாதமும் இதற்குள் அடங்கிவிடும்.

பசுவைத் தவிரப் பசுத்தன்மை என்று ஒன்று உண்டா?

இனி வரும் பொருள்தான் தொடக்கக்காரர்களை அதிகம் குழப்புவது. வாழ்க்கையோடு அதிகம் உரசுவதும் இதுதான் என்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

சந்தையில் நூறு பசுக்கள் நிற்கின்றன. காங்கேயம், ஜெர்சி, கறுப்பு, சிவலை, கொம்பு உடைந்தது, கன்றோடு நிற்பது. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஆனாலும் எல்லாவற்றையும் ‘பசு’ என்கிறோம். அப்படியானால் இந்த நூறிலும் பொதுவாக ஓடும் ‘பசுத்தன்மை’ என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? அல்லது நூறு தனித்தனி உயிர்கள்தான் உண்டு, ‘பசு’ என்பது நம் வசதிக்கு ஒட்டிய சீட்டா?

பழைய இந்தியத் தத்துவப் பள்ளிகளான நியாயம், வைசேடிகம் இரண்டையும் சேர்ந்தவர்கள், இருக்கிறது என்றார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த பெயர் சாமானியம். மணிமேகலையில் வஞ்சி நகரில் வைசேடிகவாதி உலகில் உள்ளவற்றை ஆறு வகையாக அடுக்குகிறான். பொருள், குணம், கருமம் என்று வரும் வரிசையில் நாலாவதாக இந்தச் சாமானியம் நிற்கிறது. இன்று நாம் ‘சாமானியன்’ என்று சொல்லும் சொல்லின் பழைய வாழ்க்கை இது. எதிர்க்கட்சி பௌத்தர்களுடையது. திக்நாகர் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. அவரும் அவருக்குப் பின் வந்த தர்மகீர்த்தியும் பொதுத்தன்மை என்று எதுவும் வெளியே இல்லை என்றார்கள். ‘பசு’ என்று சொல்லும்போது நாம் செய்வதெல்லாம், பசு அல்லாதவற்றை ஒதுக்குவது மட்டுமே. குதிரையை ஒதுக்கு, மரத்தை ஒதுக்கு, மீதியைப் பசு என்று அழை.

ஐரோப்பாவிலும் இதே சண்டை 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அனல் பறக்க நடந்தது. பொதுத்தன்மைகள் உண்மையில் உண்டு என்றவர்களுக்குத்தான் அங்கே ‘யதார்த்தவாதிகள்’ என்ற பெயர் வந்தது. இல்லை, அவை வெறும் பெயர்கள் என்றவர்கள் பெயர்வாதிகள். ரோஸெலின் என்பவர் பொதுச்சொல் என்பது வாயிலிருந்து வரும் காற்று என்கிற அளவுக்குப் போனதாகச் சொல்வார்கள். இன்றைய பேச்சு வழக்கோடு இது எப்படித் தலைகீழாக நிற்கிறது பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற தனி ஆட்கள் மட்டும் உண்டு, ‘மானுடம்’ என்று ஒன்று தனியாகக் கிடையாது என்று சொல்பவரை இன்று நாம் யதார்த்தவாதி என்போம். அந்தக் காலத்து பாரிஸில் அவர் அதற்கு எதிர்க்கட்சி.

இதெல்லாம் வெறும் வாய்ச்சண்டை என்று தோன்றினால், பொதுத்தன்மைக்கு நியாய மரபில் வழங்கும் இன்னொரு பெயரைக் கேளுங்கள்: ஜாதி. பசுத்தன்மை ஒரு ஜாதி என்றால், பிராமணத்தன்மை? வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சைப் பள்ளியைச் சேர்ந்த 7-ஆம் நூற்றாண்டுக் குமாரிலர், அதுவும் பசுத்தன்மை போலவே உண்மையில் இருக்கும் ஒரு ஜாதி என்று வாதிட்டார். பார்த்த மாத்திரத்தில் தெரியாவிட்டாலும், பெற்றோர் யார் என்று தெரிந்தால் கண்ணுக்குப் பிடிபடும் என்றார். தர்மகீர்த்தி வழிவந்த பௌத்தர்கள் அதை மறுத்தார்கள். பசுவையும் குதிரையையும் பிரிக்கும் உருவ வேறுபாடு இங்கே எங்கே இருக்கிறது, மனிதர் ஒரே மாதிரிதானே இருக்கிறார்கள், இது ஆட்கள் கூடி இட்ட பெயர் என்றார்கள். பொதுத்தன்மை பற்றிய வாதம் என்று நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பாடம், என் ஊரில் தனித்தனியாக இருக்கும் இரண்டு சுடுகாடுகளைப் பற்றியது என்று அன்று உறைத்தது. சாதி விஷயத்தில் ‘யதார்த்தவாதி’யாக இருப்பதென்றால் என்ன என்பது அதற்குப் பிறகு எனக்குப் புத்தகக் கேள்வியாக இருக்கவில்லை.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். ஆட்கள் கூடி இட்ட பெயர்தான் என்றால், அது பொய்யா, ஊதினால் பறந்துவிடுமா? பறக்காது. இதற்கு நம் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் பணம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் போய், போகிக்கு வீட்டை ஒழித்தபோது பாட்டியின் அரிசி டின்னுக்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் கிடைத்தன. வங்கியில் கட்டுவதற்கான கெடு டிசம்பர் 30-ஓடு முடிந்திருந்தது. அதே காகிதம், அதே மை, அதே காந்தி. பாட்டி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவளுடைய ஆசை அந்த நோட்டை மறுபடி பணமாக்கவில்லை. அதாவது பணம் நம் எல்லாருடைய மனதையும் சார்ந்தது, ஆனால் எந்தத் தனி மனதின் விருப்பத்தையும் சார்ந்ததல்ல. மலையைப் போல உண்மையும் கிடையாது, கனவைப் போலப் பொய்யும் கிடையாது. சாதி, எல்லைக்கோடு, பட்டப்படிப்புச் சான்றிதழ் எல்லாம் இந்த நடு வகையைச் சேர்ந்தவை. ‘இது சமூகம் உண்டாக்கியது’ என்று சொன்னவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களும், ‘இதுதான் யதார்த்தம், மாற்ற முடியாது’ என்று சொல்பவர்களும் இந்த நடு வகையைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

சிப்பியில் தெரிந்த வெள்ளி

வெளி உலகம் உண்மையா என்ற பழைய கேள்விக்கு வருவோம். கயிற்றைப் பாம்பு என்று நினைத்துப் பயப்படுவது, சிப்பியை வெள்ளி என்று நினைத்துக் குனிவது, இந்த இரண்டும் இந்தியத் தத்துவத்தின் நிரந்தர உதாரணங்கள். யதார்த்தவாதிக்கு இவை பெரிய தலைவலி. அறிவு என்பது உள்ள பொருளைக் காட்டுவது என்றால், இல்லாத வெள்ளியைக் காட்டியது எப்படி?

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் இதற்குச் சொன்ன பதில் என்னை ஆச்சரியப்படுத்தியது, அதில் நம் சொல்லே இருப்பதால். அறிவு அனைத்தும் யதார்த்தமே என்று, பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. உலகப் பொருள் எல்லாம் ஐந்து பூதங்களின் கலப்பு. அதனால் எந்தப் பொருளிலும் பிற பொருளின் கூறு கொஞ்சம் இருக்கும். சிப்பி பளபளப்பது அதில் வெள்ளியின் கூறு இருப்பதால்தான். அங்கே வெள்ளியைக் கண்டவன் இல்லாததைக் காணவில்லை. இருந்த கொஞ்சத்தைக் கண்டு, இருந்த அதிகத்தைத் தவறவிட்டான். பிழை என்பது அரைகுறைப் பார்வை. கனவில் தெரிபவைகூட, கனவு காண்பவருக்காக மட்டும் அந்த நேரத்துக்கு இறைவன் படைத்தவை என்கிறார். இதைவிட முழுமூச்சான யதார்த்தவாதத்தை நான் படித்ததில்லை.

சங்கரரின் அத்வைதத்தில் கயிற்றைக் கண்டபின் பாம்பு போய்விடுவதுபோல, பிரம்மத்தை அறிந்தபின் இந்த உலகமும் அதே தகுதியில் நிற்காது. ஆனால் அவரை ‘எல்லாம் கனவு என்றவர்’ என்று சொல்லிவிடக் கூடாது. அன்றாட நடைமுறையில் உலகம் செல்லும், இறுதி நிலையில் செல்லாது என்று இரண்டு தட்டு வைத்தார். சைவ சித்தாந்தமோ பதி (இறைவன்), பசு (இங்கே உயிர் என்று பொருள்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் என்றும் உள்ளவை, உலகம் பொய் அல்ல என்று நிற்கிறது. ஒரே கோயில் தெருவில் இந்த மூன்று கட்சியும் இருந்து வந்திருக்கின்றன. அவர்களில் யாரும் ‘நடைமுறைக்கு ஒத்துவராத ஆள்’ என்ற பொருளில் யதார்த்தம் இல்லாதவர்கள் கிடையாது.

அணுவைப் பார்த்தவர் யார்?

விஞ்ஞானத்தில் யதார்த்தவாதம் என்றால், கண்ணால் பார்க்க முடியாத பொருள்களைப் பற்றிக் கோட்பாடு சொல்வதும் ஏறக்குறைய உண்மைதான், அணு, எலெக்ட்ரான் எல்லாம் நிஜமாகவே அங்கே இருக்கின்றன என்ற நிலைப்பாடு. இதை மறுப்பவரை விஞ்ஞானத்தின் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எர்ன்ஸ்ட் மாக் பெரிய இயற்பியலாளர். விமானத்தின் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் ‘மாக்’ அவர் பெயர்தான். யாராவது அணு என்று பேச்செடுத்தால், நீங்கள் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பாராம். கணக்குப் போட உதவும் கற்பனை என்பதற்கு மேல் அணுவுக்கு மரியாதை தர அவர் தயாராக இல்லை.

1905-ல் ஐன்ஸ்டைன், நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவது நீரின் மூலக்கூறுகள் இடிப்பதால்தான் என்று கணக்கிட்டுக் காட்டினார். பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரின் அதைச் சோதனையில் இறக்கினார். ஓவியர்கள் பயன்படுத்தும், மரத்திலிருந்து வடியும் மஞ்சள் பிசின் ஒன்றை நீரில் கரைத்து, ஒரே அளவுள்ள துளிகளாகப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கிக்கு அடியில் எந்த உயரத்தில் எத்தனை என்று பொறுமையாக எண்ணினார். அந்த எண்ணிக்கையிலிருந்து குறிப்பிட்ட அளவுப் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்று கணக்கிட்டால், 6-க்குப் பின் 23 சுழியம் போடும் அளவில் ஒரு எண் வருகிறது. இதோடு சம்பந்தமே இல்லாத வேறு பல வழிகளில் போனாலும் கிட்டத்தட்ட அதே எண். வானம் ஏன் நீலம் என்பதிலிருந்து போனாலும், கதிரியக்கத்திலிருந்து போனாலும் அதே எண். அணுவை மறுத்துவந்த வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் 1909-ல் தன் நிலையை மாற்றிக்கொண்டார். பெரினுக்கு 1926-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் விவாதம் ஓயவில்லை. அணுக்கள் இல்லை என்றால் விஞ்ஞானத்தின் வெற்றியெல்லாம் அற்புதம் என்றல்லவா ஆகிவிடும் என்று 1975-ல் தத்துவ அறிஞர் ஹிலரி பட்னம் கேட்டார். வெற்றி பெற்ற எத்தனையோ பழைய கோட்பாடுகளை நாம் குப்பையில் போட்டிருக்கிறோமே, வெப்பத்தை ஒரு திரவம் என்றோமே, ஒளி போவதற்கு ஈதர் என்ற கண்ணுக்குத் தெரியாத ஊடகம் வேண்டும் என்றோமே, இன்றையதற்கு மட்டும் என்ன உத்தரவாதம் என்று 1981-ல் இன்னொரு தத்துவ அறிஞர் லாரி லாடன் திருப்பிக் கேட்டார். எனக்குப் பெரினின் பிசின் துளிகள் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் லாடனின் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விதான்.

22 அடித் திரையில் ஊர்க்காரர்கள்

இலக்கியத்துக்கும் ஓவியத்துக்கும் வந்தால் சொல் வேறு வேலை செய்யத் தொடங்குகிறது. 1855-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தன் பெரிய ஓவியங்களை ஏற்காததால் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே பக்கத்திலேயே சொந்தக் கொட்டகை போட்டு, வாசலில் ‘யதார்த்தவாதம்’ என்று எழுதிவைத்தார். அங்கே வைத்தவற்றில் ஒன்று அவர் ஊரில் நடந்த ஒரு சவ அடக்கத்தின் ஓவியம். ஏறக்குறைய 22 அடி அகலம். அந்த அளவு ஓவியத் திரை அதுவரை ராஜாக்களுக்கும் போர்களுக்கும் தேவதைகளுக்கும் உரியது. அதில் குழி வெட்டுகிறவர், மூக்கைச் சிந்தும் பெண்கள், ஒரு நாய் என்று ஊர்ச் சனத்தை ஆளுயரத்தில் வரைந்து வைத்தார். பாரிஸ் கோபப்பட்டது வரைந்தது தத்ரூபமாக இல்லை என்பதற்காக அல்ல. இவர்களுக்கு இவ்வளவு இடமா என்பதுதான் பிரச்சினை. கலையில் யதார்த்தவாதத்தின் உயிர் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்: யாருக்குத் திரையில் இடம் என்ற கேள்வியில்.

தமிழில் 1942-ல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ எனக்கு அந்த 22 அடித் திரை போலத்தான். கொங்கு நாட்டுக் கிராமத்தில் ஒரு விதவை, செத்துப்போன புருஷனின் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்தப் பேச்சு அந்த ஊர்ப் பேச்சாகவே வருகிறது.

ஆனால் இதே சொல்லுக்கு 1934-ல் சோவியத் எழுத்தாளர் மாநாடு வேறொரு பொருள் கொடுத்தது. சோஷலிச யதார்த்தவாதம் என்பது இருப்பதை மட்டும் காட்டினால் போதாது, அது புரட்சியை நோக்கி எப்படி வளர்ந்துகொண்டிருக்கிறது என்றும் காட்ட வேண்டும் என்றது. உள்ளதோடு வரவேண்டியதும் சேர்ந்துகொண்டது. இலங்கையில் விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் முற்போக்கு இலக்கியத்துக்காக வலுவாக வாதாடினார்கள். ஈழத்து எழுத்தாளர் மு. தளையசிங்கம் அந்த வரையறை போதாது என்று ‘மெய்யுள்’ என்ற தன் வழியை முன்வைத்தார். ஈழத்து விமர்சனத்தில் ‘யதார்த்தம்’ என்ற சொல் வந்தால், யார் பேனாவிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். நம் சினிமா விமர்சனத்தில் புழுதியும் கிழிந்த சட்டையும் அழுகையும் இருந்தாலே யதார்த்தப் படம் என்று எழுதிவிடுகிறார்கள். வசதியான வீட்டு மாடிப் படியில் நடப்பதும் நடப்புதான்.

ஏதென்ஸ்காரர்களின் யதார்த்தம்

அரசியலில் யதார்த்தவாதி என்றால், நாடுகள் அறத்தால் அல்ல, பலத்தாலும் பயத்தாலும் நலனாலும் இயங்குகின்றன என்று பார்ப்பவர். இதன் மூலக்கதையாக எல்லாரும் சொல்வது கி.மு. 416-ல் மெலோஸ் தீவில் நடந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதிவைத்திருக்கிறார். ஏதென்ஸ் படையோடு வந்து சரணடையச் சொன்னது. நியாயத்தைப் பற்றிப் பேசாதீர்கள், வலுத்தவன் முடிந்ததைச் செய்வான், இளைத்தவன் பட்டுக்கொள்வான் என்றார்கள் தூதர்கள். ஸ்பார்ட்டா உதவிக்கு வரும், தெய்வம் கைவிடாது என்று மெலோஸ் நம்பியது. நம்பிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று ஏதென்ஸ்காரர்கள் பாடம் நடத்தினார்கள். ஸ்பார்ட்டா வரவில்லை. ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள்.

பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். துசிடிடிஸ் நிறுத்தவில்லை. அடுத்த வருஷமே அதே ஏதென்ஸ், எவ்வளவு பெரிய தீவு என்றுகூடச் சரியாகத் தெரியாமல் சிசிலியைப் பிடிக்கக் கப்பலேறியது. கி.மு. 413-ல் அந்தப் படை அடியோடு அழிந்தது. பிறருக்கு யதார்த்தம் சொன்னவர்கள் தங்கள் பலத்தை எடை போடவில்லை. திருக்குறள் இதற்கு நான்கு தட்டுகள் வைக்கிறது: “வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் / துணைவலியும் தூக்கிச் செயல்.” செய்யும் வேலையின் வலு, தன் வலு, எதிரியின் வலு, இரு பக்கத் துணைகளின் வலு. தூதர்கள் மாற்றான் வலியை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள்.

இந்தப் பொருளில் யதார்த்தவாதி என்றால் போர்வெறியர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. இந்தப் பள்ளியின் இருபதாம் நூற்றாண்டுத் தலைமகன் ஹான்ஸ் மார்கெந்தா வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தவர். ஈராக் போருக்கு முன், 2002 செப்டம்பரில், அமெரிக்க நலனுக்கு இந்தப் போர் தேவையில்லை என்று 33 பேராசிரியர்கள் நியூயார்க் டைம்ஸில் காசு கொடுத்து விளம்பரம் போட்டார்கள். அதில் மியர்ஷைமர், வால்ட்ஸ் போன்ற பேர்பெற்ற யதார்த்தவாதிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். ஜனநாயகத்தைக் கொண்டுபோய் நட்டுவிடலாம் என்று கனவு கண்டவர்கள் மறுபக்கத்தில் இருந்தார்கள்.

சட்டத்தில் வரும் பொருள் நமக்குக் கோர்ட் வராந்தாவிலேயே பழக்கம். “சட்டப் புஸ்தகத்துல என்ன இருக்குங்கிறது இருக்கட்டும் சார், யாரு பெஞ்சுக்குப் போகுதுன்னு பாப்போம்” என்று சொல்லும் வக்கீல் ஒரு சட்ட யதார்த்தவாதி. நீதிமன்றம் உண்மையில் என்ன செய்யும் என்ற கணிப்புதான் சட்டம் என்று 1897-ல் அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் சொன்னதிலிருந்து இந்த மரபு கிளம்பியது.

மாமாவின் மூன்று வாக்கியங்கள்

இனி வீட்டுக்கு வருவோம். நம் அன்றாடப் பேச்சில் ‘யதார்த்தமா பேசுறேன்’ என்று யாராவது தொடங்கினால், அடுத்து வருவது அநேகமாக ஒரு கெட்ட செய்தி. இருண்டதைச் சொன்னால் அது உண்மைக்கு அருகில் இருக்கும் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. இதற்கு விஞ்ஞான ஆதாரம்கூட இருப்பதாகப் பல வருஷம் பேசப்பட்டது. 1979-ல் அலாய், ஆப்ராம்சன் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பொத்தானைக் கொடுத்து, விளக்கு எரிவது உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். மனச்சோர்வில் இருந்தவர்கள் சரியாகச் சொன்னார்கள், மற்றவர்கள் தங்கள் கட்டுப்பாட்டைக் கூட்டிச் சொன்னார்கள் என்று முடிவு வந்தது. சோகமாக இருப்பவரே உலகத்தைச் சரியாகப் பார்க்கிறார் என்று அதை ஊரெல்லாம் சொன்னார்கள். 2022-ல் கூடுதல் ஆட்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. சோர்வில் இருக்கும் ஒருவரிடம் ‘உனக்குத்தான் உண்மை தெரிகிறது’ என்று சொல்வது அவருக்குச் செய்யும் கெடுதல் என்று நான் நம்புகிறேன்.

மாமா அன்று சொன்னதை இப்போது பிரித்துப் பார்க்கிறேன். நம்ம ஊர் காலேஜில் அந்தத் துறை கிடையாது என்றார். ஐன்ஸ்டைனின் மேசையைப் போன்ற விஷயம் அது. யார் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. எங்கே வேலைக்குப் போவ என்று கேட்டார். அது பணத்தைப் போல நடு வகை: பிறர் கூடி உண்டாக்கிவைத்த வேலைகள், சம்பளங்கள், தகுதிகள். என் விருப்பத்துக்கு வளையாது, ஆனால் கேட்டு, அலைந்து, விண்ணப்பம் போட்டுக் கண்டுபிடிக்கலாம். எனக்கு நாலு வருஷம் ஆனது. உனக்குச் சரிப்பட்டு வராது என்றார். அது அன்றைக்கு எங்கேயும் இல்லை, மேசை மாதிரியும் இல்லை, பணம் மாதிரியும் இல்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைப் பொறுத்து இனிமேல் உண்டாக வேண்டியிருந்தது. மூன்றையும் ஒரே குரலில், ஒரே ‘யதார்த்தமா’வுக்குக் கீழே சொன்னதுதான் என்னை அன்று வாயடைக்க வைத்தது. அவர் உள்நோக்கத்தோடு சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அத்தை சொன்னது சரி.

போன மாதம் மாமாவின் பேத்தி அதே கூடத்தில் நின்று, ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்றாள். ஊஞ்சல் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. “ஃபீஸ் எவ்வளவு, பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் இருக்கா, அங்க படிச்சு முடிச்சவங்க இப்ப எங்க என்ன செய்றாங்கன்னு ரெண்டு மூணு பேருகிட்ட கேட்டுட்டு வா கண்ணு” என்றார் மாமா. அவள் போன் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.